தீபாவளி மழையில் மூட மறுத்த சன்ரூஃப்... கையால் தள்ளும் முன் இதைப் படிங்க!

மேல்மருவத்தூர் தாண்டும் வரை நல்ல வெயில். தீபாவளிக்கு முந்தின நாள் என்பதால் ஜி.எஸ்.டி. சாலை முழுக்க ஊருக்குப் போகும் கார்கள். தாம்பரத்திலிருந்து கும்பகோணத்துக்குக் கிளம்பிய அந்தக் காரில் முன்னால் அப்பா, அம்மா. பின்னால் பாட்டியும் ஏழு வயதுப் பேரனும். மடியில் முறுக்கு டப்பா, காலடியில் பட்டாசுப் பை.

"அப்பா, மேல் கண்ணாடியைத் திறங்கப்பா."

"திறக்கிறேன். ஆனா எழுந்து நிக்கக் கூடாது. பெல்ட்டைக் கழட்டினா உடனே மூடிடுவேன்."

கண்ணாடி சத்தமில்லாமல் பின்னால் போனது. ஆத்தூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் தெற்கே வானம் கறுத்தது. பொட்டுப் பொட்டாகத் தூறல். அப்பா ஸ்விட்ச்சை அழுத்தினார். கண்ணாடி முன்னால் வந்தது. மூடுவதற்கு நாலு விரல் இடைவெளி இருக்கும்போது சட்டென்று நின்று, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதே கதை. நாலைந்து முறை முயன்றதும் ஸ்விட்ச்சுக்கு அசைவே இல்லை. அதற்குள் மழை வலுத்துவிட்டது.

ஓரமாக நிறுத்தி, இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துத் தள்ளினார். வலது பக்கம் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். இப்போது கண்ணாடி கோணலாக நின்றது. பாட்டி எதுவும் பேசவில்லை. பையிலிருந்து குடையை எடுத்து, காருக்குள்ளேயே விரித்துப் பேரன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பாக இருந்தாலும், சன்ரூஃப் வைத்த கார் வாங்கிய வீடுகளுக்கு இது எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய நிலைமைதான். ஒரு காலத்தில் வெளிநாட்டு சொகுசு கார்களில் மட்டும் பார்த்த வசதி இது. மாருதியின் கார்களிலேயே 2022-ல் பிரெஸ்ஸா மூலம் எலெக்ட்ரிக் சன்ரூஃப் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த ஹூண்டாய் எக்ஸ்டரில், வாயால் சொன்னாலே திறக்கும் சன்ரூஃப். சென்னைக்கு அருகிலேயே சன்ரூஃப் தயாரிக்கும் ஆலை 2024-ல் தொடங்கப்பட்டிருக்கிறது. வெயில் கொளுத்தும் நம் ஊரில் வருஷத்துக்கு எத்தனை நாள் இதைத் திறக்கப்போகிறோம் என்பது வேறு கேள்வி. ஷோரூமில் குழந்தைகள் கையைக் காட்டும் முதல் விஷயம் இதுதான் என்பதால், வீட்டில் அந்த வாதம் எடுபடுவதில்லை.

வாங்கும்போது திறந்து காட்டுகிறார்கள். மூடாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

மேலே என்ன நடக்கிறது?

கூரைக்குள் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓர் அலுமினியப் பாதை இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'ரெயில்' என்பார்கள். கண்ணாடி இந்த இரண்டு ரெயில்களிலும் சறுக்கி நகர்கிறது. அதை நகர்த்துவது ஒரே ஒரு சிறிய மோட்டார். மோட்டாரின் பல்சக்கரம், சுருள்கம்பி சுற்றிய இரண்டு கேபிள்களை ஒரே நேரத்தில் இழுக்கிறது. இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று. இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் சேர்ந்து நகர்ந்தால்தான் கண்ணாடி நேராக வரும். கையால் ஒரு பக்கம் தள்ளினால் ஏன் கோணலாகிறது என்பது இப்போது புரியும். பலமாகத் தள்ளினால் கேபிள், பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டி உட்கார்ந்துவிடும். அதன் பிறகு கூரையைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது.

சரி, நன்றாக வந்த கண்ணாடி ஏன் திரும்பிப் போனது? அது பழுதே இல்லை. பாதுகாப்பு. மூடும்போது நடுவில் ஒரு குழந்தையின் விரலோ கையோ சிக்கினால் மோட்டாருக்கு இழுவை கூடும், வேகம் குறையும். அதைக் கவனித்ததும் கட்டுப்பாட்டுக் கருவி உடனே கண்ணாடியைப் பின்னால் அனுப்பிவிடும். 'ஆன்ட்டி பின்ச்' என்று பெயர். சிக்கியிருப்பது விரலா, ரெயிலில் காய்ந்து கிடக்கும் குப்பையா என்று அதற்குத் தெரியாது. வழியில் ஏதோ தடுக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

திரும்பத் திரும்ப அழுத்தியதும் மொத்தமாக நின்றதற்கும் காரணம் உண்டு. தொடர்ந்து இயக்கினால் மோட்டார் சூடாகும். எரிந்துபோகாமல் இருக்க, பல கார்களில் அது தானாகவே சிறிது நேரம் வேலைநிறுத்தம் செய்யும். சூடு தணிந்ததும் மீண்டும் இயங்கும். பதற்றத்தில் இருக்கும் நமக்கோ 'மோட்டார் போச்சு' என்றுதான் தோன்றும்.

திண்டிவனத்தில் கிடைத்த வாழைநார்

அந்தக் குடும்பம் குடையும் கையுமாக மெதுவாக வண்டியை ஓட்டி, திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரைக்கடியில் ஒதுங்கியது. பங்க்கை ஒட்டி ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை. தீபாவளிக்குக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தவர், காருக்குள் விரிந்திருந்த குடையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், முதல்ல கையை எடுங்க. கண்ணாடியைத் தொடாதீங்க. இன்ஜின் ஓடட்டும்."

இன்ஜினை ஓடவிடச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பேட்டரி பலவீனமாக இருந்தால் சன்ரூஃப் மோட்டாருக்குப் போதுமான அழுத்தம் கிடைக்காது. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருவதால், அதுவரை முரண்டு பிடித்த கண்ணாடி சில நேரம் அப்போதே மூடிக்கொள்ளும். இன்ஜின் ஓடியும், சூடு தணியும் வரை காத்திருந்தும் ஸ்விட்ச்சுக்குத் துளி சத்தமும் வரவில்லை என்றால் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். எந்த ஃப்யூஸ் என்பது ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ காரின் கையேட்டிலோ இருக்கும். அதே ஆம்பியர் அளவில்தான் புதிது போட வேண்டும். கூடுதல் அளவில் போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும்.

கால்மணி நேரம் ஆறவிட்ட பிறகு, அவர் மூடுவதற்குப் பதில் திறக்கும் பக்கம் ஸ்விட்ச்சை அழுத்தச் சொன்னார். கண்ணாடி முழுதாகப் பின்னால் போனது, கோணலும் நேரானது. கேபிள் பல் தாண்டவில்லை, நல்ல காலம். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, டார்ச் அடித்து ரெயிலைப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டீங்களா சார்?"

போட்டிருந்தார்கள். கூரைக்குக் குறுக்கே நல்ல கனமான சாமந்தி மாலை. அடுத்த நாள் மாலையைக் கழற்றியாயிற்று. உதிர்ந்த இதழ்கள் கண்ணாடி ஓரத்தில் தங்கி, அடுத்த முறை திறந்தபோது உள்ளே இறங்கி, ரெயிலில் இருந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டுவிட்டன. கூடவே ஒரு துண்டு வாழைநார். இடது ரெயிலின் முன்முனையில், கண்ணாடி கடைசியாக எழும்பி உட்காரும் இடத்தில், அது சுருண்டு கிடந்தது. அந்த நாலு விரல் இடைவெளிக்குக் காரணம் அதுதான்.

சுத்தம் செய்ய அவர் எடுத்தது ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ், பஞ்சில்லாத துணி. அவ்வளவுதான். குப்பையை உள்ளே தள்ளாமல் வெளிப்பக்கமாக வழித்து எடுத்தார். அப்பா, பைக் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயை நீட்டினார். வேண்டாம் என்றார் அவர். அதில் நியாயம் உண்டு. துரு எடுக்கும் ஸ்பிரேக்கள் ரெயிலில் ஏற்கெனவே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். நம் வீடுகளில் கதவுக் கீல் முதல் தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் வைத்தியம் என்றாலும், இங்கே அது ஆகாது. தூசியை இழுத்துப் பிசினாக்கிவிடும். ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ், ரெயிலுக்குக் கார் நிறுவனம் சொல்லும் கிரீஸ். இரண்டுமே மெல்லிய பூச்சு போதும்.

மறந்துபோன மோட்டாருக்கு ஞாபகப்படுத்துவது எப்படி?

குப்பையை எடுத்ததும் கண்ணாடி உடனே மூடிவிடவில்லை. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. மறுபடி அழுத்தினால் இன்னும் கொஞ்சம். இது இன்னொரு வகைச் சிக்கல்.

கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதை மோட்டார் கண்ணால் பார்ப்பதில்லை. தான் எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ, பேட்டரி முழுதாக இறங்கிப்போனாலோ, ஃப்யூஸை மாற்றினாலோ, கண்ணாடியைக் கையால் நகர்த்தினாலோ அந்தக் கணக்கு தவறிவிடும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத மோட்டார், பயந்து பயந்து நகரும். புது பேட்டரி போட்ட மறுநாள் 'சன்ரூஃப் கெட்டுப்போச்சு' என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

கணக்கை மறுபடி தொடங்கி வைப்பதற்குப் பெயர் 'ரீசெட்'. செய்முறை காருக்குக் கார் மாறும். பல ஹூண்டாய், கியா கார்களின் கையேட்டில் இருப்பது ஏறக்குறைய இப்படி: இன்ஜினை ஓடவிட்டு, சன்ரூஃபை முழுதாக மூடி ஸ்விட்ச்சை விட வேண்டும். மறுபடி மூடும் பக்கமாகவே அழுத்தி, கண்ணாடி லேசாக அசையும் வரை, சுமார் 10 விநாடி, பிடித்திருந்து விட வேண்டும். உடனே மீண்டும் அதே பக்கம் அழுத்திப் பிடித்தால், கண்ணாடி தானாகத் திறந்து, தானாக மூடி ஒரு சுற்று முடிக்கும். அது முடியும் வரை விரலை எடுக்கக் கூடாது. நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் காருக்கு எப்படி என்பதற்கு, டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் அந்தக் கையேட்டில் பதில் இருக்கிறது. மழையில் நனைந்துகொண்டு தேடுவதைவிட, இன்று இரவே அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. கணக்கு தவறிய நிலையிலும், சில கார்களில் ஸ்விட்ச்சைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்து வலுக்கட்டாயமாக மூடும்போதும், அந்த விரல் பாதுகாப்பு வேலை செய்யாது. அந்த நேரத்தில் கண்ணாடி எதையும் பார்க்காமல் மூடும். குழந்தைகளைக் காரிலிருந்து இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். திண்டிவனத்திலும் பேரனை பாட்டியோடு பங்க்கின் காற்று அடிக்கும் மேடைக்கு அனுப்பிவிட்டுத்தான் ரீசெட் நடந்தது.

மின்சாரமே இல்லாவிட்டால்? சில கார்களில், முன்பக்கக் கூரை விளக்கின் மூடியைக் கழற்றினால் மோட்டாரின் அடியில் ஒரு துளை தெரியும். டூல் கிட்டில் கொடுத்திருக்கும் ஆலன் கீயை அதில் மாட்டிச் சுற்றினால் கண்ணாடி மெல்ல மெல்ல மூடும். எல்லா கார்களிலும் இந்த வசதி இல்லை. கையேட்டில் குறிப்பிடாமல் இருந்தால், ஸ்க்ரூ டிரைவரோடு கூரையைக் குடைய வேண்டாம். கதவுகளுக்கு மேலே கூரை ஓரத்தில் பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

எதற்குமே மசியவில்லை, மழையும் விடவில்லை என்றால் தார்ப்பாய்தான் கதி. கூரையை மூடி இரண்டு பக்கமும் தொங்கும் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, அதன் ஓரங்களைக் கதவுகளுக்கு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் மேல் டேப் ஒட்டிப் பல நாள் வெயிலில் விட்டால் பசை உரிய மறுக்கும். இப்படிக் கட்டிய காரோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகவே கூடாது. காற்றில் ஷீட் பிய்ந்து பின்னால் வரும் பைக்காரரின் முகத்தில் போய் விழுந்தால் என்ன ஆகும்?

மூடியிருந்தும் ஒழுகுதே!

கண்ணாடி மூடியாயிற்று. அப்பா பர்ஸை எடுத்தார். எலெக்ட்ரீஷியன் கிளம்பவில்லை. "ஒரு டம்ளர் தண்ணி குடுங்க பாட்டிம்மா" என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து பாட்டி ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

அவர் மறுபடி சன்ரூஃபைத் திறந்து, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பள்ளத்தின் இடது முன்மூலையில் அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் அங்கேயே தேங்கி நின்றது.

சன்ரூஃபின் ரப்பர் பீடிங் தண்ணீரை நூறு சதவிகிதம் தடுக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று எதிர்பார்த்துத்தான் அதை வடிவமைக்கிறார்கள். இறங்கும் தண்ணீர் சுற்றியுள்ள பள்ளத்தில் சேர்ந்து, மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியே தூண்களுக்குள் ஓடி, காருக்கு அடியில் வெளியேற வேண்டும். முன்பக்கக் குழாய்கள் பெரும்பாலும் முன்கதவின் கீல் அருகிலோ முன்சக்கரத்தின் பின்னாலோ முடியும். இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், கண்ணாடி கச்சிதமாக மூடியிருந்தாலும் தண்ணீர் பள்ளத்தைத் தாண்டி ரூஃப் லைனிங்கில் இறங்கும். முதலில் தெரிவது கூரைத் துணியில் ஒரு பழுப்புக் கறை. அல்லது காலடி மேட்டிலிருந்து வரும் புழுங்கல் வாசம். தரை விரிப்புக்குக் கீழே வயர்களும் கனெக்டர்களும் இருக்கின்றன. சன்ரூஃபில் தொடங்கிய பிரச்னை, மாதக்கணக்கில் யாருக்கும் பிடிபடாத எலெக்ட்ரிக்கல் பிரச்னையாக முடிவது இப்படித்தான்.

வேப்பமரம், புளியமரம், தூங்குமூஞ்சி மரம். நிழலுக்காக நாம் காரை நிறுத்தும் மரங்கள் எல்லாமே பொடி இலை மரங்கள். இந்தக் குழாய்க்குள் போக அளவெடுத்தது போல இருக்கும் இலைகள்! வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன்பே இந்த ஒரு டம்ளர் சோதனையை நான்கு மூலைகளிலும் செய்துவிடலாம். அடைப்பு இருந்தால் கம்பி விடாதீர்கள், குழாய் கிழியும். பங்க்கில் டயருக்கு அடிக்கும் காற்றையும் பாய்ச்சாதீர்கள். உள்ளே குழாயின் இணைப்பு கழன்றுவிட்டால், பிறகு தண்ணீர் எல்லாம் நேராகக் காருக்குள்தான். தடிமனான நைலான் தூண்டில் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு எடுத்தால் போதும். திண்டிவனத்தில் அப்படி எடுத்தபோது முதலில் வந்தது சேறு. பிறகு மூன்று சாமந்தி இதழ்கள். கடைசியில் முன்சக்கரத்தின் பின்னால் தண்ணீர் சலசலவென்று கொட்டியது. பேரன் குனிந்து பார்த்துக் கைதட்டினான்.

செலவு யார் தலையில்?

ரீசெட்டுக்கும் சுத்தம் செய்வதற்கும் மசியாத சன்ரூஃபும் உண்டு. மோட்டார் உண்மையிலேயே எரிந்திருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம், பிளாஸ்டிக் கைட் உடைந்திருக்கலாம். இவற்றுக்கு ரூஃப் லைனிங்கை இறக்க வேண்டியிருக்கும் என்பதால் இது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை. சர்வீஸ் சென்டரில் 'முழு செட்டும் மாற்றணும்' என்றால் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ரீசெட் செய்து பார்த்தீர்களா? மோட்டார் மட்டும், கேபிள் மட்டும் தனியாகக் கிடைக்குமா? சில மாடல்களுக்கு ஃபிரேமோடு சேர்த்துத்தான் தருகிறார்கள், வேறு வழியில்லை. கிடைக்கும் மாடல்களில் மிச்சமாகும் தொகை சிறியதல்ல.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, வழக்கமான காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பழுதும் சேராது. அதாவது மோட்டார் எரிந்தால் நம் பணம்தான். வாரன்ட்டியோ நீட்டித்த வாரன்ட்டியோ இருந்தால் அதில் கேட்கலாம். மரக்கிளை விழுந்து கண்ணாடி உடைந்தால் கதை வேறு. அது விபத்து. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்காமல் கணக்கிடுவார்கள்.

ஆனால் பணத்தால் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டி நிற்கும் பிள்ளைகளை ஈ.சி.ஆரில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். திடீர் பிரேக் அடித்தால் அந்தக் கண்ணாடியின் விளிம்பு பிள்ளையின் வயிற்றிலோ நெஞ்சிலோ மோதும். குறுக்கே தொங்கும் கேபிளோ பட்டத்தின் மாஞ்சா நூலோ ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்தாவது உட்கார வைத்தால் சரி.

மழை விட்டபோது மணி ஆறாகியிருந்தது. எலெக்ட்ரீஷியன் வாங்கிக்கொண்ட பணத்தைவிட, பாட்டி கொடுத்த முறுக்கு டப்பாவைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். "வீட்டுல புள்ளைங்களுக்குக் குடுப்பா" என்றார் பாட்டி. கார் விக்கிரவாண்டியில் பண்ருட்டி சாலைக்குத் திரும்பியதும், "அப்பா, ஒரே ஒரு தடவை திறந்து பார்க்கலாமாப்பா?" என்றான் பேரன். யாரும் பதில் சொல்லவில்லை. ஈரக் குடையைப் பையில் வைக்காமல், கும்பகோணம் வரும் வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார் பாட்டி.